கொலாஜன் விற்கும் சகோதரிகளுக்கு, என் மச்சாளின் டின்னைப் பற்றி

மட்டக்களப்பிலும் காத்தான்குடியிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் அழகுக்கலை நிலையம் நடத்துகிற, வட்ஸ்அப் குரூப்பில் தோல் சுருக்கம் போகும் என்று கொலாஜன் பவுடர் விற்கிற சகோதரிகளுக்கு,

நான் களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாக உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். உங்களில் இரண்டு பேராவது என் வகுப்பில் இருந்தவர்கள், ஆகவே யாரோ வெளியாள் குற்றம் பிடிக்க வந்ததாக இதை எடுக்க வேண்டாம். சண்டைக்கும் சுனாமிக்கும் பிறகு இந்தப் பக்கத்தில் எத்தனை பெண்கள் ஒரு கண்ணாடியும் இரண்டு கதிரையும் வைத்துத் தொழில் தொடங்கிக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள் என்று எனக்குத் தெரியும். நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும்போது ஒரு டின்னில் வருகிற இலாபம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்றும் தெரியும். அந்த வருமானத்தில் கைவைக்க இதை எழுதவில்லை. விற்கும்போது நீங்கள் சொல்கிற சில வார்த்தைகளை நிறுத்தச் சொல்லிக் கேட்கிறேன், ஏன் என்பதையும் விவரமாகவே சொல்கிறேன்.

என் மச்சாளுக்கு 52 வயது. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். தோகாவில் வேலை செய்கிற மகன் அனுப்பிய காசில் ஐப்பசி தொடக்கத்தில் ஒரு டின் கொலாஜன் வாங்கினார், 14,500 ரூபாய், முப்பது நாளைக்கு வரும். கல்யாண அல்பத்தில் மகளுக்குப் பக்கத்தில் நிற்கும்போது கண் ஓரத்துச் சுருக்கம் தெரியக்கூடாது, அவ்வளவுதான் அவருடைய ஆசை. விற்ற பிள்ளை சொன்னதை மச்சாள் அப்படியே மனப்பாடமாக வைத்திருந்தார்: வெறும் வயிற்றில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு கரண்டி, மூன்று மாதத்தில் பத்து வயது குறையும், எல்லாம் இயற்கை, தாவரத்தில் இருந்து எடுத்தது. இவர் குறிப்பாகக் கேட்டும் இருக்கிறார். "கந்தசஷ்டி விரதம் வருது புள்ள, அதுக்குள்ள குடிக்கலாமா, இல்லாட்டி மறுகா தொடங்கட்டா?" "தாராளமாக் குடிங்க மாமி, ஒண்டும் இல்ல."

விரதத்தின் ஐந்தாம் நாள் நான் அவர் வீட்டுக்குப் போனேன். குசினி மேசையில் அந்த டின் இருந்தது, வெள்ளை நிறம், தங்க எழுத்து, மூடிக்குள் சின்னப் பிளாஸ்டிக் கரண்டி. இறக்குமதி செய்தவர்கள் ஒட்டிய ஸ்டிக்கர் ஒரு ஓரத்தில் கிளம்பி நின்றது. அதை விரலால் தள்ளிப் பார்த்தால் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் சேர்மானம், முதலாவது வரியே ஹைட்ரோலைஸ்ட் போவைன் கொலாஜன். ஹைட்ரோலைஸ்ட் என்றால் சின்னத் துண்டாக வெட்டியது, போவைன் என்றால் மாடு. மச்சாள் பிறந்ததிலிருந்து மாட்டிறைச்சி வாயில் வைக்காதவர். சொல்வதா விடுவதா என்று எனக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை, அதற்குள் அவரே "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார், சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. கிணற்றடிக்குப் போய் வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளித்தார், அந்தக் கிளாசை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். அடுத்த நாள் சூரன்போருக்குக் கோயிலுக்குள்ளே போகவில்லை, வெளி வீதியில் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

மாட்டுக் கொலாஜனில் பிழை இருக்கிறது என்று நான் சொல்லவே இல்லை. சாப்பிடுகிறவர்களுக்கு அது உணவு. கேட்டவருக்கு உண்மையைச் சொல்லாததுதான் பிழை. கொலாஜன் எந்தத் தாவரத்திலும் இல்லை, இது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கலாம். மாட்டுத் தோல், பன்றித் தோல், மீனின் தோலும் செதிலும், கோழியின் குருத்தெலும்பு, இவற்றில் இருந்துதான் அதை எடுக்கிறார்கள். பன்றித் தோல் உலகத்தில் நிறையப் பாவிக்கப்படுகிற மூலப்பொருள். மாடு என்று போட்டிருந்தாலும் அது எப்படி அறுக்கப்பட்டது என்ற கேள்வி முஸ்லிம் வீடுகளில் அப்படியே நிற்கும். காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் விற்கிற சகோதரிகள் ஹலால் சான்று உண்மையானதா, எந்த நாட்டுச் சபை கொடுத்தது என்று தயாரிப்பாளரிடம் கேட்டிருக்கிறீர்களா? எங்கள் ஊர்களில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே டின்னைத்தான் வாங்குகிறோம், இரண்டு வீட்டுக்கும் இது வாய்க்குள் போகிற பொருள். தாவரக் கொலாஜன் என்று விற்பதில் பெரும்பாலும் விற்றமின் சியும் அமினோ அமிலங்களும் (புரதம் கட்டப்படுகிற சின்னக் கூறுகள்) ஏதாவது மூலிகைச் சாறும்தான் இருக்கும், அதற்கு அந்தப் பெயரே பொருந்தாது.

சரி, அது ஒரு பக்கம். சுருக்கம் போகுமா என்பதற்கு வருகிறேன், மச்சாள் காசு கொடுத்தது அதற்குத்தானே.

தும்புக் கயிறு திரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று புரியைச் சேர்த்து முறுக்குவார்கள், முறுக்கு ஏற ஏறக் கயிறு இறுகும். கொலாஜனும் அச்சொட்டாக அப்படித்தான், மூன்று இழை முறுக்கிய கயிறு. எங்கள் உடம்பில் இருக்கிற புரதத்தில் ஏறத்தாழ 30 வீதம் அதுதான், தோலைத் தொய்யாமல் இழுத்துப் பிடித்திருப்பதும் அதுதான். முறுக்கு நிற்க விற்றமின் சி வேண்டும். முந்திய காலத்தில் மாதக்கணக்காகப் பழமும் மரக்கறியும் இல்லாமல் கடலில் போன கப்பல்காரருக்குப் பல் முரசு வீங்கி இரத்தம் வந்தது, ஆறிப்போன பழைய காயங்கள்கூடத் திரும்பத் திறந்தன, காரணம் புதிய கயிறு திரிக்க முடியாமல் போனதுதான். வளர்ந்த பிறகு தோலின் கொலாஜன் வருடத்துக்கு ஏறத்தாழ 1 வீதம் குறைந்துகொண்டு போகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் 5 வருடத்துக்குள் 30 வீதம் வரை குறையலாம். என் மச்சாளின் வயதில் இருக்கிற ஒவ்வொரு பெண்ணும் கண்ணாடியில் பார்ப்பது இதைத்தான், அவர்கள் கவலைப்படுவதில் வீண் பெருமை ஒன்றும் இல்லை.

குறைந்த கயிற்றைக் குடித்து நிரப்பலாமே என்றுதான் விளம்பரம் சொல்கிறது. ஆனால் குடல் கயிற்றைக் கயிறாக உள்ளே எடுக்காது. பிரித்து, தும்பாக்கி, அதற்குப் பிறகுதான் இரத்தத்துக்குள் விடும். அந்தத் தும்பு புண் ஆற்றப் போகிறதா, தசைக்குப் போகிறதா, எரிந்து சக்தியாகிறதா என்று உடம்புதான் தீர்மானிக்கும், நாங்கள் முகம் என்று விலாசம் எழுதி அனுப்ப ஒண்ணாது. இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். பவுடரில் இருப்பது ஏற்கனவே சின்னத் துண்டாக வெட்டிய கொலாஜன். அதில் சில துண்டுகள், இரண்டு அமினோ அமிலம் சேர்ந்தவை, முழுதாகப் பிரியாமல் இரத்தத்தில் கொஞ்ச நேரம் ஓடுகின்றன, இதை ஜப்பானிய ஆய்வாளர்கள் இருபது வருடத்துக்கு முதலே அளந்து காட்டிவிட்டார்கள். அந்தத் துண்டுகளைத் தோலின் கலங்கள் கண்டால் "எங்கேயோ கயிறு அறுந்துபோச்சு" என்று எடுத்துப் புதிதாகத் திரிக்கத் தொடங்கும் என்பது தயாரிப்பாளர்களின் வாதம். நடக்கவே முடியாத கதை என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. நடக்கிறதா என்று மனிதரில் பார்க்க வேண்டும், பார்த்தும் இருக்கிறார்கள்.

2014இல் ஜெர்மனியில் ஓர் ஆய்வு வந்தது. 45 முதல் 65 வயது வரையான 114 பெண்கள். பாதிப் பேருக்குத் தினம் 2.5 கிராம் கொலாஜன், மற்றவர்களுக்கு அதே மாதிரித் தெரிகிற வெறும் பவுடர், 8 வாரம். கொலாஜன் குடித்தவர்களின் கண் ஓரச் சுருக்கம் மற்றவர்களைவிடச் சராசரியாக 20 வீதம் குறைந்ததாக எழுதினார்கள். உங்கள் துண்டுப் பிரசுரங்களில் வருகிற 20 வீதம் அநேகமாக இங்கே இருந்து வந்ததுதான். கருவி வைத்து அளந்த 20 வீதம் அது. பத்து வயது குறைந்தது என்று அவர்கள் எங்கேயும் சொல்லவில்லை. பிறகு 2021இல் இப்படியான 19 ஆய்வுகளை, மொத்தம் 1,125 பேர், ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதும் ஈரத்தன்மை, இழுபடும் தன்மை, சுருக்கம் மூன்றிலும் நல்லது நடந்ததாகவே வந்தது. இதோடு நிறுத்தினால் நீங்கள் சொல்வது சரி என்று நானும் எழுதியிருப்பேன்.

ஆனால் 2025இல் அமெரிக்கன் ஜேர்னல் ஒவ் மெடிசினில் வந்ததை வாசித்துப் பாருங்கள். 23 ஆய்வு, 1,474 பேர். எல்லாவற்றையும் சேர்த்தால் பலன் இருக்கிற மாதிரித்தான் தெரிகிறது. அப்புறம் அவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள், இந்த ஆய்வுக்கெல்லாம் காசு கொடுத்தது யார்? கம்பனிக் காசில் நடந்த ஆய்வுகளைத் தனியாக வைத்தார்கள், கம்பனிக் காசு இல்லாதவற்றைத் தனியாக வைத்தார்கள். கம்பனிக் காசு இல்லாத பக்கத்தில் ஈரத்திலும் இல்லை, இழுபடும் தன்மையிலும் இல்லை, சுருக்கத்திலும் இல்லை, சொல்லும்படி ஒரு பலனும் தெரியவில்லை. தரமாக நடத்திய ஆய்வுகளை மட்டும் எடுத்தாலும் அப்படித்தான். மாவை விற்கிறவரே தராசும் பிடித்தால் நாங்கள் இரண்டு தரம் யோசிக்க மாட்டோமா? இவ்வளவையும் வைத்து நான் நேர்மையாகச் சொல்லக்கூடியது இதுதான்: கொலாஜன் குடித்தால் தோலில் சின்ன மாற்றம் வரலாம், வராமலும் போகலாம், வந்தது என்று சொல்கிற ஆய்வுகளில் பெரும்பகுதி விற்கிறவர்களின் செலவில் நடந்தவை.

இப்போது நான் மச்சாளிடம் காட்டியதை உங்களுக்கும் காட்டுகிறேன். கிணற்றடியில் இருந்து வந்து அவர் கதிரையில் இருந்தபோது சட்டைக் கையைத் தோள் வரைக்கும் மேலே தள்ளச் சொன்னேன். மச்சாளுக்குப் படுவான்கரையில் வயல். விதைப்பில் இருந்து அறுவடை வரை கையில் சாப்பாட்டுச் சட்டியோடு நடு வெயிலில் வரம்பில் நடந்து பழகிய கை அது. முழங்கைக்குக் கீழே தோல் காய்ந்த வாழைச் சருகு மாதிரி, குறுக்கும் நெடுக்கும் கோடு, கறுத்த புள்ளிகள். சட்டை மறைத்த இடத்தில், ஒரு சாண் மேலே, வழுவழுப்பாக இருந்தது, கிள்ளினால் உடனே திரும்பிப் படிந்தது. ஒரே உடம்பு, ஒரே 52 வயது, ஓடுவது ஒரே இரத்தம். கொலாஜன் வயதால் மட்டும் குறைந்திருந்தால் இரண்டு இடமும் ஒரே மாதிரிச் சுருங்கியிருக்க வேண்டுமே. வயது தன் வேலையைச் செய்கிறதுதான், சட்டைக்குள்ளும் தோல் கொஞ்சம் மெலிந்திருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசத்தை உண்டாக்கியது வெயில். சூரியனின் புற ஊதாக் கதிர் தோலுக்குள் இறங்கினால் கயிறு அறுக்கிற நொதியங்கள் எழும்பி வேலை செய்யத் தொடங்கும், ஒவ்வொரு நாளும் கொஞ்சம், வருடக்கணக்காக. உங்கள் சலூனுக்கு வருகிற எந்தப் பெண்ணின் கையையும் இப்படித் திருப்பிப் பாருங்கள்.

இதற்கு ஒரு பிரபலமான படமும் இருக்கிறது, 2012இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. 28 வருடம் டெலிவரி லொறி ஓட்டிய 69 வயது அமெரிக்கர். அங்கே சாரதி இடப்பக்கம் இருப்பார், யன்னல் பக்கத்து இடது கன்னம் மடிப்பு மடிப்பாகத் தொங்க, வலது கன்னம் பத்திருபது வயது இளமையாகத் தெரிகிறது. எங்கள் மட்டக்களப்பு–கொழும்பு பஸ் சாரதிமாருக்கு வலது கன்னத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அவுஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்குக் கீழான 903 பேரை வைத்து நாலரை வருடம் பார்த்தார்கள், முடிவு 2013இல் வந்தது. ஒவ்வொரு நாளும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்ன கூட்டத்தில், விரும்பினால் பூசுங்கள் என்று விட்ட கூட்டத்தைவிட, தோல் முதிர்வு 24 வீதம் குறைவு. நம்பூரைவிட நாங்கள் பூமத்திய ரேகைக்கு எவ்வளவோ கிட்ட இருக்கிறோம், பங்குனி சித்திரையில் நண்பகல் வெயிலில் கல்லடிப் பாலத்தில் ஒருதரம் நடந்து பார்த்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மச்சாள் தன் வாழ்நாளில் சன்ஸ்கிரீன் வாங்கியதே இல்லை, அவரிடம் அதைப் பற்றி ஒருவரும் சொன்னதும் இல்லை, கொலாஜன் விற்ற பிள்ளையும் சொல்லவில்லை. இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. 14,500 ரூபாய் ஒரு குடை, முழுக்கைச் சட்டை, நல்ல சன்ஸ்கிரீன் எல்லாவற்றுக்கும் போதும், மிச்சமும் வரும். ஏற்கனவே விழுந்த சுருக்கத்துக்குத் தோல் டொக்டர் எழுதித் தருகிற ட்ரெட்டினோயின் கிரீம் இருக்கிறது, 1980களில் இருந்து ஆராய்ந்த மருந்து, தோலைப் புதிதாகக் கொலாஜன் திரிக்க வைக்கும் என்று காட்டியிருக்கிறார்கள். கர்ப்பிணிகள் தொடக்கூடாது, தொடக்கத்தில் தோல் எரியும், அதனால்தான் டொக்டர் வேண்டும். விற்றமின் சிக்கு வளவில் நிற்கிற கொய்யா மரமே போதும், அதில் தோடம்பழத்தைவிட நாலு மடங்கு இருக்கிறது. கொய்யாப்பழம் சுருக்கத்தைப் போக்கும் என்று நான் சொன்னதாக யாரும் நாளைக்கு ஸ்டேட்டஸ் போட வேண்டாம், கயிறு திரிக்கத் தேவையானது கிடைக்கும், அவ்வளவுதான்.

உங்கள் ஸ்டேட்டஸில் வருகிற 'முன், பின்' படங்களைப் பற்றியும் கதைக்க வேண்டும். மச்சாளுக்கு அனுப்பிய ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன் படத்தில் வெளிச்சம் உச்சியில் இருந்து விழுகிறது, ஒவ்வொரு கோட்டுக்கும் கீழே நிழல். பின் படத்தில் அந்தப் பெண்ணின் கண்மணியில் வட்டமாக ஒரு வெள்ளை வளையம் தெரிகிறது, முகத்துக்கு நேரே வைத்த ரிங் லைட். முகத்துக்கு நேரே வெளிச்சம் அடித்தால் நிழல் விழாது, நிழல் இல்லாவிட்டால் கோடும் தெரியாது. மணமகளை அலங்கரித்துப் படம் எடுக்கிற உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்த விஷயத்தைத் தெரியாதவரிடம் காட்டிக் காசு வாங்குவது எப்படிச் சரியாகும்?

இன்னும் ஒன்று, இது அழகைப் பற்றியதும் இல்லை. சிறுநீரகக் கிளினிக்குக்குப் போகிறவர்களுக்குப் புரதத்தை அளந்து சாப்பிடச் சொல்லியிருப்பார்கள், கொலாஜன் முழுக்கப் புரதம். அவர்களிடம் கேட்காமல் விற்காதீர்கள், "கிளினிக்கில ஒருக்காக் கேட்டிட்டு வாங்க" என்று சொல்லுங்கள். மீன் ஒவ்வாமை இருக்கிறவருக்கு மீன் கொலாஜன் ஆபத்து. சில டின்களில் கொலாஜனோடு குளுட்டாதயோனும் சேர்த்து வெள்ளையாக்கும் என்று வேறு எழுதியிருக்கிறார்கள், அந்த ஆசையை எங்கள் பெட்டைப் பிள்ளைகளுக்கு ஊட்டுவதைப் பற்றி எழுதப் போனால் இன்னொரு மடல் வேண்டும்.

நான் கேட்பது அதிகம் இல்லை. எந்த மிருகத்தில் எடுத்தது என்பதைத் தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில், ஒரு துண்டில் எழுதி டின்னில் ஒட்டுங்கள். உங்களுக்கே தெரியாவிட்டால் தெரிகிற வரைக்கும் விற்காதீர்கள். பத்து வயது குறையும், சுருக்கம் முழுதாகப் போகும் என்ற வார்த்தைகளை விட்டுவிடுங்கள். "சிலருக்குச் சின்ன மாற்றம் தெரியலாம், உறுதி இல்லை" என்று சொன்னால் பாதிப் பேர் வாங்க மாட்டார்கள்தான், வாங்குகிற மற்றப் பாதிப் பேர் உங்களிடமே திரும்பி வருவார்கள். பற்றுச்சீட்டு கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி வாங்கியவர் கேட்டால் அதைக் கொடுத்தே ஆக வேண்டும், பொருளைப் பற்றிப் பொய்யான தகவல் சொல்லி விற்பதும் அந்தச் சட்டத்தில் குற்றம். அதிகாரசபையின் 1977 என்ற முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த இலக்கத்துக்கு நான் இன்னும் அழைக்கவில்லை. விற்ற பிள்ளை யார் என்று எனக்குத் தெரியும், அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், அவருக்கு மேலே இருக்கிற ஆள் வட்ஸ்அப்பில் அனுப்பியதைத்தான் அவர் எங்களிடம் ஒப்புவித்தார் என்றும் தெரியும்.

மச்சாளின் டின் பாதி மிச்சத்தோடு இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. அவருக்குக் காசு திரும்ப வேண்டாமாம், திட்டவும் மாட்டாராம். விற்ற பிள்ளை ஒருதரம் வீட்டுக்கு வந்து, இது தாவரம் என்று தனக்குச் சொல்லித் தந்தது யார் என்பதை மட்டும் சொன்னால் போதும் என்கிறார். தை பிறப்பதற்குள் வரச் சொல்லுங்கள், கல்யாணத்துக்கும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லித்தான் இருக்கிறது.

அன்புடன்,
களுவாஞ்சிகுடியில் இருந்து உங்கள் உயிரியல் ரீச்சர்